செட்டிநாட்டு ஓடுதளத்தில் விமானம் இறங்க வேண்டும் என்று மனு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி வட்டாரத்துப் பெரியவர்களுக்கும், கடைவீதி வணிகர்களுக்கும், சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருந்துகொண்டு ஊர் நினைப்பாகவே இருக்கும் அண்ணன்மார், ஆச்சிமாருக்கும் வணக்கம்.

செட்டிநாடு கால்நடைப் பண்ணைக்குள் கிடக்கும் பழைய விமான ஓடுதளத்தைத் திறக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறீர்கள். மனு என் கைக்கும் வந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு டீக்கடை வாசலில் நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஒன்றை நானே முந்திச் சொல்லிவிடுகிறேன். திருச்சி, மதுரை விமான நிலையங்களிலிருந்து கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் ஆள் ஏற்றி வருவதுதான் என் பிழைப்பு. பக்கத்திலேயே விமானம் இறங்கினால் என் வாடகை படுத்துவிடும். "அதான் முட்டுக்கட்டை போடுகிறான்" என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள், கோபமில்லை. ஆனால் விமானத்தை விட்டு இறங்கி வருகிறவர் ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டு வருவது என்னோடுதான். எதற்காக வருகிறார், எங்கே அவதிப்படுகிறார் என்பது மனுவை டைப் அடித்தவரைவிட எனக்குக் கொஞ்சம் கூடவே தெரியும்.

அந்த ஓடுதளம் நமக்காகப் போட்டதில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். 1942-ல் சிங்கப்பூரும் ரங்கூனும் அடுத்தடுத்து ஜப்பான்காரன் கைக்குப் போயின. அடுத்தது இந்தியாதான் என்ற பயத்தில் வெள்ளைக்காரன் தென்னாடு முழுக்க ஓடுதளங்களைப் போட்டுத் தள்ளினான். சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, நம்முடைய செட்டிநாடு எல்லாம் அந்தப் போர்க்காலத்து வேலை. போர் முடிந்தது, விமானம் போய்விட்டது, தளம் மட்டும் நின்றுவிட்டது. சோழவரத்தில் பிறகு பல வருஷம் கார் பந்தயமும் மோட்டார் சைக்கிள் பந்தயமும் நடந்தன. நம் ஊரில் மாடு மேய்ந்தது. இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால் மாடு என்றுதான் சொல்வேன்.

அதே 1942-ல்தான் பர்மாவிலிருந்து நம்மவர்கள் கணக்குப் புத்தகத்தை இடுப்பில் கட்டிக்கொண்டும், அதையும் போட்டுவிட்டும் கிளம்பி வந்தார்கள். 1930-களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. அவ்வளவும் போனது. வீட்டுத் தூணில் நிற்கும் பர்மா தேக்கு மட்டும் மிச்சம். எந்தப் போர் அதைப் பிடுங்கிக்கொண்டதோ அதே போர் இங்கே ஒரு ஓடுதளத்தைப் போட்டுவிட்டுப் போனது. ஈடு என்று சொன்னால் எந்த அப்பச்சியும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

இன்று அந்தப் பக்கம் போனால் என்ன இருக்கிறது என்பது உங்களில் பலருக்குப் படத்தில்தான் தெரியும். மேலிருந்து எடுத்த படத்தில் நீளமான கோடு பளிச்சென்று தெரிகிறது. "ரெடியா இருக்கு, பெயின்ட் அடிச்சா போதும்" என்று அதன் கீழே எழுதுகிறார்கள். தரையில் நின்று பார்த்தால் தளம் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கிறது. பிளவில் ஆவாரையும் தும்பையும். ஓரமெல்லாம் சீமைக்கருவேலம். விடிகாலையில் மயில்கள் கூட்டமாக நடுத்தளத்துக்கு வந்து நிற்கும்; வண்டிச் சத்தத்துக்குக்கூட நகராது. மயில் நகராத இடத்தில் விமானம் இறக்க என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதை மனுவில் யாரும் எழுதவில்லை.

சுற்றுச்சுவர் கட்ட வேண்டும். ஓடுதளத்தின் இரு நுனியிலும் நிலம் சேர்க்க வேண்டும். தீயணைப்பு, போலீஸ், முனையக் கட்டடம், உள்ளே வரும் சாலை என்று வரிசையாக வரும். இதெல்லாம் யாருக்கும் சொந்தமில்லாத பொட்டலில் நடக்கப்போவதில்லை. சுற்றிலும் அரசுக் கால்நடைப் பண்ணை, பக்கத்திலேயே வறண்ட நில வேளாண்மை ஆராய்ச்சி நிலையம். செம்புறைக்கல் பூமியில் பெய்கிற மழை வழிந்தோடிக் கண்மாய்க்கும் ஊருணிக்கும் போய்ச் சேர வேண்டும். முற்றத்தில் விழும் மழையைக் குழாய் வைத்து அண்டாவில் பிடித்த வீடுகள் நம்முடையவை. ஊருக்கு வெளியே நாலு பக்கமும் சுவரை எழுப்பித் தண்ணீரைத் திருப்பிவிட்டால் எந்தக் கண்மாய் காயும் என்று மனுவை எழுதும் முன் கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் ஒரு நீர்க்கட்டிக்காரரையாவது கேட்டீர்களா?

இன்னொன்றும் இருக்கிறது, சொன்னால் சிரிப்பீர்கள். விமான நிலையத்தைச் சுற்றிப் 10 கிலோமீட்டர் வட்டத்துக்குள் உரிமம் இல்லாமல் ஆடு மாடு அறுக்கக் கூடாது, குப்பை கொட்டக் கூடாது என்று விமானப் போக்குவரத்து விதியில் உள்ளது. கழுகும் பருந்தும் கூடி விமானத்தில் மோதிவிடும் என்பதற்காக வைத்த விதி, நியாயமான விதிதான். ஆனால் பத்து கிலோமீட்டர் என்று வட்டம் போட்டால் கானாடுகாத்தான் வரும், பள்ளத்தூர் வரும், கோட்டையூர் வரும். உலகமெல்லாம் செட்டிநாட்டு மட்டன் என்று போர்டு தொங்குகிறது. செட்டிநாட்டிலேயே கறிக்கடைக்காரர் லைசென்சுக்கு வரிசையில் நிற்பார். காவல் தெய்வத்துக்குக் கிடா வெட்ட நேர்ந்துகொண்டவர்கள் எந்த ஆபீசுக்குப் போவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. குப்பைக் கிடங்கு விவகாரம் அதைவிடப் பெரிது. காரைக்குடி இப்போது மாநகராட்சி; குப்பையை எங்கே கொட்டுவது என்பதே பெரிய பாடு.

இத்தனை சங்கடத்தையும் பொறுத்துக்கொள்ளலாம், வருகிறவர்களுக்கு உபயோகமாக இருந்தால். அங்கேதான் எனக்கு மனு பிடிபடவில்லை. யார் வரப்போகிறார்கள்?

சிங்கப்பூர், மலேசியா, கொழும்பு, துபாயிலிருந்து வருகிறவர்கள் திருச்சிக்கு நேராக வந்து இறங்குகிறார்கள். திருச்சி விமான நிலையம் இருப்பது புதுக்கோட்டைச் சாலையில். ஊருக்குள் நுழைய வேண்டியதே இல்லை. வாசலில் வண்டி எடுத்தால் புதுக்கோட்டை, திருமயம், கானாடுகாத்தான். 80 கிலோமீட்டர் சுமார். 2024-ல் புது முனையமும் வந்துவிட்டது. செட்டிநாட்டில் ஓடுதளம் திறந்தாலும் அதில் வரப்போவது எழுபது பேர் உட்காரும் ஏ.டி.ஆர். விமானம்தான். அது சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் வரும்; சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்குப் போகாது. கோலாலம்பூர் ஆச்சி திருச்சியில் இறங்குவதை விட்டுவிட்டு, சென்னையில் இறங்கி, சுங்கம் முடித்து, பெட்டியை மறுபடி போட்டு, மூன்று மணி நேரம் காத்திருந்து செட்டிநாட்டுக்கு ஏறுவாரா? என்னிடம் கேட்டால் வேண்டாம், அவரிடமே கேளுங்கள்.

வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகளைச் சொல்வீர்கள். அவர்களை நான் நன்றாக அறிவேன். அவர்கள் செட்டிநாட்டுக்கு மட்டும் வருவதில்லை. தஞ்சாவூர் பார்த்துவிட்டு இங்கே வந்து இரண்டு ராத்திரி தங்கி மதுரைக்குப் போகிறார்கள், அல்லது மறுதலையாக. நாம் அந்த வழியில் நடுவில் இருக்கிறோம். வழியில் இருப்பதுதான் நமக்கு அனுகூலமே. ஆத்தங்குடியில் நிறுத்தச் சொல்வார்கள், திருமயம் கோட்டையில் நிறுத்தச் சொல்வார்கள், மதுரைச் சாலையில் திருப்பத்தூர் பக்கம் வந்தால் வேட்டங்குடிப் பறவைகளைக் காட்டச் சொல்வார்கள். பறவை பயப்படும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர்கள் அங்கே இருக்கின்றன என்றால் நம்ப மறுக்கிறார்கள். மேலே பறந்து வந்தால் இது ஒன்றும் இல்லை.

ஆத்தங்குடி என்றதும் ஒன்று. பட்டறையில் தரையில் பதிக்கும் கல் போடுவதைக் காட்டினால் அவர்கள் கேமராவைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். கண்ணாடிப் பலகைமேல் தகர அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நிறச் சிமென்ட் கரைசலைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார் ஒருவர். அச்சைத் தூக்குகிறார். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கின்றன. அதன்மேல் உலர்ந்த கலவையைத் தூவி, பிறகு குழைத்த கலவையை அப்பி, மட்டம் தட்டி, எடுத்துக் காயவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிறார். சூளை கிடையாது. கண்ணாடி பட்டிருந்த முகம்தான் பளபளப்பு. பார்த்து முடித்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: இதை வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது? ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வைத்துவிடுவார்கள். பதினைந்து கிலோ பெட்டிக்கு மேல் காசு கேட்கும் சின்ன விமானத்தால் ஆத்தங்குடிக்கு என்ன வியாபாரம் கூடிவிடும்? கல் லாரியில்தான் போகும். ஓலைக் கொட்டானும் கண்டாங்கிச் சேலையும் சீப்புச்சீடைப் பலகாரமும் பார்சல் சர்வீசில் இப்போதே போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

சென்னைவாசிகள் பாக்கி. பொங்கலுக்கும் கோயில் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருகிறவர்கள். அந்த நாலு நாளில் வருகிற கூட்டத்துக்கு எழுபது இருக்கை எந்த மூலைக்கு? மீதி நாளில் அந்த எழுபதை யார் நிரப்புவது? 96 ஊர் என்று சொல்லி இன்று எழுபத்துச் சொச்சம் ஊர்தான் நகரத்தார், அதாவது செட்டியார்கள், ஊர். அதிலும் தெருவுக்கு எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பூட்டிக்கிடக்கும் வீட்டுக்காரர்களை நம்பி விமானக் கம்பெனி அட்டவணை போடாது.

"உடான் திட்டம் இருக்கிறதே, அரசாங்கமே மானியம் தருமே" என்று மனுவில் ஒரு பத்தி இருக்கிறது. தருகிறது. சின்ன ஊர்களுக்கும் விமானம் விட, ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று மத்திய அரசு தொடங்கிய திட்டம். 2017-ல் முதல் விமானம் பறந்தது. ஒரு பகுதி இருக்கைகளுக்குத்தான் அந்த விலை. நஷ்டத்தை ஈடுகட்டும் பணம் 3 வருஷத்துக்கு. அதில் 20 சதவீதம் மாநில அரசு போட வேண்டும். நிலமும் போலீசும் தீயணைப்பும் மாநிலத்தின் இனாம். மூன்று வருஷம் முடிந்ததும் என்ன நடக்கிறது என்பதை மத்தியத் தணிக்கைத் துறையே 2023-ல் எழுதிவைத்திருக்கிறது. ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 371-தான் தொடங்கின. அவற்றில் 112 மட்டும் மூன்று வருஷத்தை முடித்தன. அதற்குமேலும் 2023 மார்ச் வரை ஓடிக்கொண்டிருந்தவை 54.

சேலத்தையே பாருங்கள். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் 1993-லிருந்து விமான நிலையம் இருக்கிறது. உருக்காலை, பெரிய நகரம், பணப்புழக்கம் எல்லாம் உள்ள ஊர். 2018 மார்ச்சில் உடானில் சென்னைக்கு விமானம் வந்தது, 2021-ல் நின்றுபோனது, 2023 அக்டோபரில்தான் மறுபடி வந்தது. சேலத்துக்கே இந்தக் கதி. தூத்துக்குடி வாகைக்குளம் ஜாம் ஜாமென்று ஓடுகிறதே என்று ஒரு அண்ணன் என்னிடம் கேட்டார். ஓடும். அங்கே துறைமுகம் இருக்கிறது, அனல் மின்நிலையம் இருக்கிறது, வாரத்துக்கு ஏழு நாளும் வேலையாகப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது அழகான வீடுகள். போதாக்குறைக்கு ராமேசுவரத்துக்கு ஒரு விமான நிலையம் வரும் என்று 2025 பட்ஜெட்டில் மாநில அரசு அறிவித்துவிட்டது. திருச்சி, மதுரை, ராமேசுவரம் மூன்றுக்கும் நடுவில் நாலாவதாக நாம் நின்றுகொண்டு எதைப் பிடிக்கப்போகிறோம்?

அழகப்பச் செட்டியார் பேரை மனுவின் தலைப்பிலேயே போட்டிருக்கிறீர்கள். கோட்டையூர்க்காரர், லண்டன் போனபோது குரோய்டனில் விமானம் ஓட்டக் கற்றவர், ஜூபிடர் ஏர்வேஸ் என்று சொந்தமாக விமானக் கம்பெனியே நடத்தியவர். எல்லாம் சரி. விமானமும் விமானியும் கையில் இருந்த அந்த மனிதர் காரைக்குடிக்கு என்ன செய்தார்? கல்லூரி கட்டினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வர வேண்டும் என்று 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் எடுத்துக் கொடுத்தார். 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓடுதளம் இருந்தது, ஆகாயத்தில் ஓட்ட விமானமும் இருந்தது. ஊருக்கு முதல் தேவை எது என்று அவர் வேறு விதமாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். அவர் பேரைச் சொல்லி விமானம் கேட்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகவே இருக்கிறது.

சரி, வருகிறவர்கள் எங்கேதான் அவதிப்படுகிறார்கள்? முதல் 300 கிலோமீட்டரில் இல்லை. கடைசி 15 கிலோமீட்டரில்.

சென்னையிலிருந்து மத்தியானம் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் ராத்திரி சாப்பாட்டு நேரம் தாண்டிக் காரைக்குடி. இறங்கியபின் கானாடுகாத்தானுக்கோ கோத்தமங்கலத்துக்கோ எப்படிப் போவது? அந்த நேரத்தில் டவுன் பஸ் இல்லை. ஆட்டோக்காரர் சொல்கிற காசுக்குப் பெரியவர்கள் வாய் திறக்காமல் ஏறிக்கொள்கிறார்கள். செட்டிநாடு என்று பேர் போட்ட ஸ்டேஷன் ஒன்று கானாடுகாத்தான் பக்கத்திலேயே இருக்கிறது. 1930-ல் மானாமதுரைக்குப் பாதை போட்டதிலிருந்து ரயில் போகிற ஊர். அத்தனை எக்ஸ்பிரஸும் அங்கே நிற்பதில்லை. விமானம் நிற்க வேண்டும் என்று கேட்கிற நாம், ரயில் நிற்க வேண்டும் என்று எத்தனை தடவை டிவிஷன் ஆபீஸ் படி ஏறினோம்?

மதுரைக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் இன்றைக்கும் காரைக்குடியிலிருந்து சிவகங்கை, மானாமதுரை என்று தெற்கே இறங்கி, அங்கிருந்து மறுபடி வடமேற்கே திரும்ப வேண்டும். திருப்பத்தூர், மேலூர் வழியாக நேர்ப்பாதை கேட்டுத் தலைமுறை கடந்துவிட்டது. ராத்திரி நெஞ்சுவலி வந்தால் நாம் ஓடுவது மதுரைக்கு. படிக்கிற பிள்ளைகள் போவது மதுரைக்கு. அந்தப் பாதைக்கு இப்போது கையெழுத்து வாங்கினால் காரைக்குடியில் மட்டுமல்ல, திருப்பத்தூர், மேலூர்க்காரர்களும் வரிசையில் நிற்பார்கள்.

திருச்சி விமான நிலைய வாசலை எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்குடிப் பஸ் அந்தச் சாலையில்தான் போகிறது. இரண்டு பெட்டியும் ஒரு அட்டைப்பெட்டியுமாக நிற்பவரை ஏற்ற நிறுத்துவதும் நிறுத்தாமல் போவதும் கண்டக்டர் மனசைப் பொறுத்தது. சிங்கப்பூர் விமானம் வருகிற நேரத்தை ஒட்டி, பெட்டி வைக்க இடம் விட்டு, வாசலிலிருந்தே புறப்படுகிற அரசுப் பஸ் ஒன்று, பகலில் இரண்டு நடை, ராத்திரியில் ஒரு நடை. இதற்கு ஓடுதளம் வேண்டாம், மானியம் வேண்டாம், மயிலைத் துரத்த வேண்டாம். என் வாடகையில் பாதி இதிலும் போகும் என்பதைக் கவனித்திருப்பீர்கள். போகட்டும். சொல்வது சுயநலம் என்று நினைத்தவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

ஓடுதளத்தை என்னதான் செய்வது என்றால், பெரும்பாலும் சும்மா விடலாம். அவசர சிகிச்சைக்கு ஆளை ஏற்ற ஹெலிகாப்டர் இறங்கும்படி ஒரு மூலையை மட்டும் செப்பனிட்டு, அங்கிருந்து மெயின் ரோடு வரை ஆம்புலன்ஸ் குலுங்காமல் போக வழி செய்தால் அதை நான் முழுசாக ஆதரிப்பேன். வாசலில் ஒரு பலகை வைத்து, இது எப்போது எதற்காக வந்தது என்று தமிழில் நாலு வரி எழுதலாம்; பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டலாம். மற்றபடி பண்ணை மாடுகளுக்கு அது மேய்ச்சல் நிலமாகவே இருக்கட்டும்.

அடுத்த கூட்டம் கூடும்போது மனுவில் மூன்றைச் சேருங்கள்: செட்டிநாடு ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் நிறுத்தம், திருச்சி விமான நிலைய வாசலிலிருந்து பஸ், மேலூர் வழி ரயில் பாதை. விமான நிலையத்தை எடுத்துவிடச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்த எனக்கு உரிமையில்லை. ஆனால் அது நாலாவதாக, கடைசியில் இருக்கட்டும். அப்படி எழுதிவந்தால் கையெழுத்து மட்டுமில்லை, கலெக்டர் ஆபீசுக்கு உங்களை ஏற்றிக்கொண்டு போக வண்டியும் என்னுடையது. சிவகங்கை வரை டீசல் என் செலவு.

இப்படிக்கு,
கானாடுகாத்தானில் வாடகை வண்டி ஓட்டும் உங்களில் ஒருவன்